நான் நகர்த்திய கற்கள்

டப்ளின் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே கேமரா, இரண்டு லென்ஸ், மழைச்சட்டை. அடியில் மிளகாய்த் தூள், கறி மசாலா, நெத்திலிக் கருவாடு, அக்கா கையால் செய்த சம்பல் நான்கு போத்தல். அதிகாரி ஒரு போத்தலின் மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதை யார் சாப்பிடுவார்கள்?"

"ஒரு டாக்டர்" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

டாக்டர் என்பது என் அக்கா மகள் தர்ஷினி. அயர்லாந்துக்குப் படிக்கப் போனவள், படித்து முடித்து கால்வே நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பார்த்து வரும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்திருந்தார். எனக்கு வேறொரு ஆசையும் இருந்தது. ஜோகூரில் கூலாய், செனாய், உலு திராம் வட்டாரத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். மாலை கோணலாக இருந்தால் நிமிர்த்துவேன். சீர்த்தட்டை இடம் மாற்றுவேன். பெண்ணின் அத்தையைத் தோளைப் பிடித்து நகர்த்துவேன். ஜோகூர் பாருவில் எங்கள் புகைப்படக் குழு வருடத்துக்கு ஒரு கண்காட்சி நடத்தும். மற்றவர்கள் பனிமலை, பாலைவனம் என்று கொண்டுவருவார்கள். நான் தைப்பூசக் காவடியைக் கொடுப்பேன். ஒரு தடவையாவது மனிதர்களே இல்லாத படம் எடுக்க வேண்டும் என்று இருந்தது. ஐந்தாயிரம் வருடத்துக்கு முந்திய கல்லறைகள், கூரை போன தேவாலயங்கள், சுண்ணாம்புக்கல் நிலம் என்று தர்ஷினி அவ்வப்போது அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் ஏப்ரல் கடைசியில் கிளம்பினேன்.

இரண்டாம் நாள் அவள் தன் சின்னக் காரில் என்னைக் கிளேர் மாவட்டத்துக்கு அழைத்துப் போனாள். பர்ரன் என்று அந்த நிலத்துக்குப் பெயர். மலை முழுவதும் சாம்பல் நிறம். யாரோ சிமெண்டைக் கரைத்து ஊற்றி, காயும்போது வெடிக்க விட்டுவிட்டதுபோல் இருந்தது. எங்கள் ஊரில் யோங் பெங் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் கல்குவாரிதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் இங்கே எவரும் உடைக்கவில்லை, நிலமே அப்படித்தான். பாறை வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் நீலப் பூக்கள் சுண்டுவிரல் உயரத்துக்கு நின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் பார்த்தே வளர்ந்தவனுக்கு, மரமே இல்லாத ஒரு மலையை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று தெரியவில்லை.

பிரீடா என்ற அம்மாவின் வீட்டில் எனக்கு அறை. வயது எழுபதைத் தாண்டியவர், கணவர் இறந்த பிறகு இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறார். தர்ஷினி கிளம்பும் முன் வாசலில் நின்று சொன்னாள்:

"மாமா, மூணு நாள் எனக்கு டியூட்டி. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். இவங்க பேசுறது வேகமா இருக்கும். புரியலன்னா திருப்பிக் கேளுங்க லா, ஒண்ணும் தப்பில்ல."

"நான் சிங்கப்பூர்ல அஞ்சு வருஷம் வேலை செஞ்சவன்மா. எனக்கு இங்கிலீஷ் புரியாதா?"

அவள் காரில் ஏறினாள்.

அன்றைய சாப்பாட்டில் உருளைக்கிழங்கு மூன்று விதமாக வந்தது: அவித்தது, மசித்தது, பொரித்தது. கூடவே முட்டைக்கோஸும் உப்பிட்ட பன்றி இறைச்சியும். தர்ஷினி எனக்கென்று பிரித்துக் கொடுத்த அரை போத்தல் சம்பலை மேசைக்கு அடியில் வைத்து, யாருக்கும் தெரியாமல் தொட்டுக்கொண்டேன். பிரீடா பார்த்துவிட்டார். கை நீட்டி வாங்கி, ஜாம் தடவுவதுபோல் ரொட்டியில் தடவிக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "இதைச் சாப்பிட்டுவிட்டு உங்கள் ஊரில் தேவாலயத்தில் அமைதியாக உட்கார முடியுமா?" என்று கேட்டார். அவர் போட்ட தேநீர் எங்கள் ஊரில் இழுத்து ஆற்றும் தே தாரிக்குக்குப் பக்கத்தில் வந்தது. அவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மூன்றாம் நாள் காலை பெரிய கல்லறை ஒன்றைப் பார்க்கப் பேருந்துக்கு நின்றேன். நிறுத்தப் பலகை சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அதன் கீழேயே நாற்பது நிமிடம் தூறலில் நனைந்தேன். பேருந்து எதிர்ப்பக்கத்தில் வந்தது. நான் கை காட்டியதும் ஓட்டுநர் அன்பாகக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கம் போகிறவர்கள் எதிரே நின்றுதான் கை காட்ட வேண்டுமாம். அடுத்த பேருந்து மாலையில்.

திரும்பி நடந்தபோது ஒரு பழைய வேன் நின்றது. பின்னால் இரண்டு ஆடுகள், முன் இருக்கையில் ஒரு நாய். ஓட்டி வந்தவர் நாயைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு என்னை ஏறச் சொன்னார். பெயர் ஷேமஸ். பிரீடாவின் தம்பி. என் விஷயம் ஊருக்குள் அதற்குள் தெரிந்திருந்தது, சம்பல் விஷயமும்தான்.

"கல்லறைதானே வேண்டும்? என் நிலத்திலேயே ஒன்று இருக்கிறது. கூட்டம் வராது" என்றார். இவ்வளவும் புரிந்தது. அதற்குப் பிறகு சாலையைப் பார்த்தபடியே நீளமாக ஏதோ சொன்னார். வேனின் சத்தம், ஆடுகளின் சத்தம், வாய்க்குள்ளேயே உருளும் அவர் பேச்சு. 'வாசற்படலை' என்பது காதில் விழுந்தது, 'மூலை' என்பது விழுந்தது, 'கற்கள்' என்பதும் விழுந்தது. நான் தலையாட்டினேன். அவர் என் பக்கம் திரும்பி, அதையே இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார். அப்போதும் பாதிதான் பிடிபட்டது. புரியாத பாதிக்கும் சேர்த்து, "நிச்சயமாக, நிச்சயமாக" என்றேன்.

வயலில் என்னை இறக்கிவிட்டு, படலையை மூடிவிட்டுப் போனார்.

கல்லறை ஒரு பெரிய மேசைபோல் இருந்தது. நான்கு பலகைக் கற்கள் செங்குத்தாக, மேலே ஒரு பாறைப் பலகை. அதற்கு அப்பால் கூரையில்லாத சின்னத் தேவாலயம். ஜன்னல் வழியே மேகம் ஓடியது. தேவாலயச் சுவருக்கும் ஒரு வளைந்த முள்மரத்துக்கும் நடுவே புல் மண்டிய மூலை. அங்கே வெள்ளைவெள்ளையாகச் சில கற்கள் சிதறிக் கிடந்தன. ஒரு ரொட்டி அளவு இருக்கும் ஒவ்வொன்றும்.

வெளிச்சத்தைச் சரிபார்க்க அகலமாக ஒரு படம் எடுத்தேன். எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் அப்படி ஒன்று எடுப்பது வழக்கம். சாம்பல் வானம், சாம்பல் நிலம், உயிரே இல்லாத படம். பிறகு காற்று பிடித்துக்கொண்டது. கேமரா நின்ற ட்ரைபாட் நடுங்கியது. கனத்துக்கு எதையாவது அதில் தொங்கவிட வேண்டும். அந்த மூலைக்குப் போய் மூன்று கற்களைப் பெயர்த்துப் பையில் போட்டு, ட்ரைபாட்டின் நடுக்கம்பியில் மாட்டினேன். நின்றுவிட்டது.

கேமராவில் பார்த்தேன். முன்னால் வெறும் புல். கண்ணைக் கல்லறைக்கு இழுத்துப்போக ஏதாவது வேண்டும். இன்னும் மூன்று கற்களை எடுத்து வந்து, பெரியது முன்னால், சிறியது பின்னால் என்று ஒரு கோடாக வைத்தேன். ஒன்றில் சிப்பி பதிந்திருந்தது. அது கேமராவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.

புல்லில் முட்டி போட்டு வெயிலுக்காகக் காத்திருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து மேகம் விலகி ஒரு கற்றை வெயில் மூன்று கற்களின்மேலும் விழுந்து, கல்லறைக்குள் ஓடியது. என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு படம் எடுத்ததில்லை. அங்கேயே கைத்தொலைபேசிக்கு மாற்றிக் குழுவுக்கு அனுப்பினேன். ஜோகூரில் அப்போது இரவு வேளை. இருந்தும் தலைவர் உடனே எழுதினார்: "அலமாக் குணா, இந்த வருஷம் நுழைவாயில்ல உன் படம்தான்." பையிலிருந்த கற்களை அங்கேயே கொட்டிவிட்டு, மூன்று கிலோமீட்டர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நடந்து வந்தேன்.

அங்கே ஏப்ரலில் மாலை ஏழு மணிக்கும் நல்ல வெளிச்சம். பிரீடா மீன் சூப் வைத்திருந்தார். ஷேமஸும் சாப்பிட வந்திருந்தார். கேமராத் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பிரீடாவின் கையில் கொடுத்தேன். பாராட்டை எதிர்பார்த்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கேமராவைத் தம்பியிடம் நீட்டினார். ஷேமஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இவை குழந்தைகளின் கற்கள்" என்றார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

பிரீடாதான் விளக்கினார். ஞானஸ்நானம் கொடுக்கும் முன் இறந்த குழந்தைகளை முன்பு தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க விடமாட்டார்களாம். தகப்பன்மார் யார் கண்ணிலும் படாமல் தூக்கி வந்து, இப்படிப் பழைய இடங்களின் ஓரத்தில் புதைத்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு கல் வைப்பார்கள். பெயர் கிடையாது, தேதி கிடையாது. அவர்கள் அம்மாவின் முதல் பிள்ளை அங்கே இருந்தது. அம்மா இறந்த பிறகுதான் அப்பா இருவரையும் அழைத்துப் போய் எந்தக் கல் என்று காட்டினாராம். சிப்பி பதிந்த கல்.

"அது முள்மரத்துக்குப் பக்கத்தில் இருக்கும்" என்று பிரீடா திரையைத் தொடாமல் விரலால் காட்டினார். "இங்கே எப்படி வந்தது?"

"நான் போனபோது அப்படித்தான் கிடந்தது" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன், பொய் வந்துவிட்டது. ஐம்பது வயதில் ஒரு மனிதனுக்குள் இவ்வளவு தயாராக ஒரு பொய் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஷேமஸ் கேமராவை மேசையில் வைத்தார். "மாடுகளாக இருக்கும்" என்றார். "முட்டித் தள்ளியிருக்கும்."

"இருக்கலாம்" என்றேன். சூப்பை முழுக்கக் குடித்தேன். ருசி எப்படி இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

எங்களிலும் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். நான் பிறந்த தோட்டத்தில் கோயிலுக்குப் பின்னால், செம்பனை வரிசை முடியும் இடத்தில் அப்படி ஒரு மூலை உண்டு. நாங்கள் பந்து பொறுக்கப் போனால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவோம். அங்கே அப்படி ஒரு மூலையைப் பார்த்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இங்கே ஆறு கற்களைத் தூக்கியபோது ஒரு கணம்கூட நான் தயங்கவில்லை. வேற்றூர்க் கல் வெறும் கல்தான் என்று எனக்குள் யாரோ முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை வயலுக்கு நடந்தேன். யாரும் வருவதற்குள் கற்களைத் திருப்பி வைத்துவிடலாம் என்பதுதான் திட்டம். ஆனால் ஷேமஸ் எனக்கு முன்பே அங்கே இருந்தார். மூலையைச் சுற்றி வேலி போட, மரக்கம்புகளைச் சம்மட்டியால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

"குளிர்காலம் முடிந்ததும் மாடுகளைக் கீழே இறக்கியிருக்க வேண்டும்" என்றார் என்னைப் பார்த்ததும். "முழங்கால் வலி. பத்து நாள் தள்ளிப்போட்டுவிட்டேன். தவறு என்னுடையதுதான். அந்தக் கம்பைக் கொஞ்சம் பிடிக்கிறாயா?"

பிடித்தேன். அவர் அடித்தார். இரண்டாவது கம்பையும் பிடித்தேன். மூன்றாவதையும் பிடித்தேன். சம்மட்டி விழும்போதெல்லாம் என் உள்ளங்கை அதிர்ந்தது. நான்காவது கம்பில்தான் வாய் திறந்தேன்.

"மாடு இல்லை. நான்தான்."

அவர் தூக்கிய சம்மட்டியை இறக்கி, இன்னும் இரண்டு அடி அடித்து முடித்தார்.

"எத்தனை?"

"ஆறு."

"எதற்கு?"

"காற்றுக்கு மூன்று" என்றேன். "அழகுக்கு மூன்று."

அந்த வார்த்தையைச் சொன்னபோது தலையை நிமிர்த்த முடியவில்லை.

"வேனில் சொன்னேனே. இரண்டு தடவை சொன்னேன்."

"காதில் விழுந்தது. புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினேன்."

"கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சம்மட்டியைக் கம்பில் சாய்த்துவிட்டு, தன் அக்காவை அழைத்துவர நடந்தார். அவர் உண்மையிலேயே மாடு என்றுதான் நம்பினாரா, அல்லது என்னைப்போல வருகிறவர்களுக்காகத்தான் அந்த வேலியைப் போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

பிரீடா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. "தொடுவதற்கு முன் படம் எடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அந்த முதல் படம் ஞாபகம் வந்தது. திரையில் அதை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது கற்களின் மூலை அதில் இருந்தது. தரையில் கல் பெயர்ந்த இடங்களில் புல் வெளிறி அமுங்கிக் கிடந்ததால், ஆறு குழிகளும் தெளிவாகத் தெரிந்தன. எந்தக் குழிக்கு எந்தக் கல் என்பதுதான் கேள்வி. ஷேமஸ் கேமராவைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய் வைத்தேன். மூன்றுக்குச் சந்தேகம் இல்லை. சிப்பிக் கல் வந்தபோது ஷேமஸ் உதவக் கை நீட்டினார். பிரீடா தடுத்தார்.

"அவன் வைக்கட்டும். அவன்தானே எடுத்தான்."

வைத்தேன். பிரீடா குனிந்து, சிப்பி இருந்த பக்கம் தன் வீட்டைப் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பினார். "இப்படித்தான் இருந்தான்" என்றார். இருந்தது என்று சொல்லவில்லை.

மீதி இரண்டு கற்கள் படத்தில் முள்மரக் கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தன. இரண்டு குழி, இரண்டு கல், ஏறக்குறைய ஒரே அளவு. அந்தக் குடும்பங்களைக் கேட்கலாமா என்றேன். ஒரு குடும்பம் அமெரிக்காவுக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்னொன்றில் யாரும் மிச்சமில்லை. ஷேமஸ் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து, மாற்றிப் பிடித்துப் பார்த்து, கடைசியில் ஒரு ஊகத்தில் வைத்தார். அது சரியாகவும் இருக்கலாம். இல்லையென்றால், அந்த இரு குழந்தைகளும் என்னால் இடம் மாறிக் கிடக்கிறார்கள். இனி அதை யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை தர்ஷினி வந்தாள். கிளம்பும்போது பிரீடா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் படத்தை எனக்கு அனுப்புவாயா?" என்று கேட்டார். வெயில் விழுந்த படத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "முதலில் எடுத்தது" என்றார். "அவனுக்கு ஒரு படமும் கிடையாது."

காரில் தர்ஷினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நல்ல வேளை, சொல்லிட்டீங்க மாமா" என்றாள்.

"மூணு கம்பு அடிச்சு முடிச்ச பெறகுதாம்மா சொன்னேன்."

"எனக்குப் புரியாதா மாமா? முதல் வருஷம் நானும் தலையாட்டுனேன். ஒரு நோயாளி மருந்து ஒத்துக்காதுன்னு சொன்னாரு. நான் அதையே எழுதிட்டேன். நர்ஸ் பாத்துத் தடுத்தாங்க. அதுக்கப்புறம் தலையாட்டுறதே இல்ல. அதான் உங்ககிட்ட சொன்னேன்."

அவளுக்கு அப்படி ஒன்று நடந்திருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்று வாசலில் சிங்கப்பூர்ப் பெருமை பேசி அவள் வாயை அடைத்திருந்தேன்.

கூலாய்க்குத் திரும்பியதும் வெயில் படத்தைக் குழுவிலிருந்து அழித்தேன். அதற்குள் நான்கு பேர் சேமித்து வைத்திருந்தார்கள். தலைவர் கடைக்கே வந்துவிட்டார். "என்ன குணா, நல்ல படம் லா. ஏன் கொடுக்க மாட்டேங்கிற?" காரணத்தைச் சொன்னேன். "அங்க உள்ளவங்களுக்குத்தான தெரியும், நம்ம ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. கற்களைத் தூக்கிய நேரத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். கண்காட்சியில் இந்த வருடம் என் படம் இல்லை.

சாம்பல் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு பிரீடாவுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, கையால் எழுதிய கடிதம் வந்தது. படத்தைச் சமையலறையில் மாட்டியிருக்கிறார்களாம். ஷேமஸ் ஒரு நாள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தபோது, படத்தின் வலது கீழ் மூலையில், மற்ற கற்களிலிருந்து தள்ளி, புல்லுக்குள் வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்ததாம். வயலுக்குப் போய்க் கையால் புல்லை விலக்கியிருக்கிறார். பத்தாவது கல். அவர்கள் அப்பாவும் அதைப் பற்றிச் சொன்னதில்லை. யாருடைய பிள்ளை என்று ஊரில் எவருக்கும் தெரியவில்லை. "ஷேமஸ் வேலியைப் பிடுங்கி, அதையும் உள்ளே சேர்த்துப் போட்டுவிட்டார். நீ வராமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரியை எனக்கு ஆறுதலாகத்தான் எழுதியிருப்பார். நான் கணினியைத் திறந்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் படத்தில் அந்த வெள்ளை விளிம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பிறகு வெயில் படத்தில் தேவாலய ஜன்னலும் கல்லறையின் விளிம்பும் எந்தக் கோட்டில் சேர்கின்றன என்று பார்த்து, நான் எங்கே இருந்திருப்பேன் என்று கணக்குப் போட்டேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். கணக்கு மாறவில்லை.

பிரீடாவுக்கு அன்றே பதில் எழுதினேன். வெயில் வரும் என்று நாற்பது நிமிடம் அந்தக் கல்லின்மேல்தான் முட்டி போட்டிருந்தேன் என்று எழுதினேன். முழங்காலுக்கு அடியில் கெட்டியாக ஏதோ இருந்ததும், ஈரப் புல்லில் கால் நனையாமல் இருக்க நல்ல இடம் கிடைத்தது என்று அன்று நான் சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது என்று எழுதினேன். இந்தத் தடவை என்னிடம் யாரும் கேட்கவில்லை.